முடிச்சுக்கிளி கூறிய ஏலம்

கடலுக்கு மறதி அதிகம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எதையோ மறந்துவிடக் கூடாதே என்று ஒருநாள் அது தன் முந்தானையில் மூன்று முடிச்சுப் போட்டதாம்; முடிச்சுகள் வெயிலில் காய்ந்து, மணல் ஏறி, மணலில் தாழை முளைத்து, தாழைக்குப் பின்னால் பூவரசு முளைத்து, பூவரசு நிழலுக்கு மனிதர்கள் வந்து குடிசை போட்டு, குடிசைக்குள் சண்டை போட்டு, பிள்ளை பெற்று, எல்லாம் ஆன பிறகும் முடிச்சை எதற்காகப் போட்டோம் என்பது மட்டும் அதற்கு ஞாபகம் வரவில்லையாம். அதனால்தான் அலை இன்றைக்கும் கரைக்கு வந்து வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிபடாமல் திரும்பிப் போகிறது.

அடுப்புக்கல் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கும் அந்த மூன்றும்தான் பெரியமுடிச்சு, சின்னமுடிச்சு, நடுமுடிச்சு. பெரியமுடிச்சில் மீன் ஏலம் நடக்கும். சின்னமுடிச்சில் வலை முடைகிறவர்கள் இருந்தார்கள். நடுமுடிச்சில் மாதா கோயிலைத் தவிர ஒன்றும் கிடையாது. கோயில் எங்கள் தீவில்தான் வர வேண்டும் என்று மற்ற இரண்டு தீவுக்காரர்களும் அடித்துக்கொண்டதில் மாதாவே சலித்துப்போய் ஆளில்லாத தீவாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்டாள் என்று பேச்சு. கோயில் இருந்ததே தவிர, தங்கி இருக்கிற சாமியார் இல்லை. அக்கரையிலிருந்து இன்னாசி சாமி எப்போதாவது படகேறி வருவார், படகு விளிம்பைப் பிடித்தபடி வழியெல்லாம் வாந்தி எடுப்பார், மஞ்சள் பூத்த முகத்தோடு பூசை வைப்பார், திரும்பிப் போகிற படகை நினைத்துப் பிரசங்கத்தில் பெருமூச்சு விடுவார்.

இந்த மூன்று தீவுகளில் ஒரு கிளி உண்டு. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. பச்சை உடம்பு, கழுத்தில் கயிறு சுற்றிய மாதிரி ஒரு நீலக் கோடு, முகத்தில் எந்நேரமும் தன் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டதைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. முடிச்சுக்கிளி என்று அதற்குப் பெயர். கூண்டில் போட்டு அக்கரைக்குக் கொண்டுபோனால் பாதிக் கடலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் நீலமாகிவிடும், பார்க்கிறவனுக்கே பாவமாகிப் படகைத் திருப்பிவிடுவான். இத்தனை பெருமையும் இருந்து என்ன, அது பேசாது. ஊருலகத்துக் கிளியெல்லாம் ‘அக்கா வா’ என்றும் ‘யாரது’ என்றும் கேட்டுக்கொண்டிருக்க, முடிச்சுக்கிளிக்குத் தெரிந்ததெல்லாம் துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி ஒரு ‘கிரீச்’. நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தார்கள், பழம் கொடுத்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், கெட்ட வார்த்தையாவது கற்றுக்கொள்ளட்டும் என்று பக்கத்தில் நின்று சண்டை போட்டும் பார்த்தார்கள். கிரீச், அவ்வளவுதான்.

கிளி பேசாத ஊரில் மனிதர்கள் குரலை மதித்தார்கள். எங்கள் தீவுகளில் கல்யாணம் பேசுவது என்றால் தாம்பாளம் தூக்கிக்கொண்டு போவதில்லை. மாப்பிள்ளை தன் கரையில் பாறை மேல் ஏறி நின்று, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, இன்னாரை நான் கண்கலங்காமல் வைத்துக்கொள்வேன் என்று ஒரு சத்தம் போட வேண்டும். நடுவில் கிடக்கிற கடலைத் தாண்டி, அலைச் சத்தத்தைத் தாண்டி, அது பெண் வீட்டார் காதில் வார்த்தை வார்த்தையாக விழ வேண்டும். விழுந்தால் அந்தக் கரையில் வெள்ளைத் துணி ஆடும். விழாவிட்டால் மாப்பிள்ளை பாறையிலிருந்து இறங்கித் தொண்டைக்குச் சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வருசத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இதற்குக் குரல் போடுவது என்று பெயர். ஒருத்தன் திருவிழா மைக்செட்டைத் தூக்கி வந்து குரல் போட்டான். அவனுக்கு மைக்செட்டையே கட்டி வையுங்கள் என்று பெண்ணைப் பெற்றவர் சொல்லிவிட்டார்.

பெரியமுடிச்சில் மீன் ஏலம் கூறுகிற கஸ்பார் குரல் போட்ட அன்று, சின்னமுடிச்சில் துணி ஆட்ட யாருக்கும் கை வரவில்லை, எல்லாரும் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டார்கள். அப்படி ஒரு குரல். பனங்கருப்பட்டியைப் பாகு காய்ச்சிக் கம்பி பதத்தில் கடலுக்கு மேலே இழுத்துக் கட்டின மாதிரி இருந்தது என்று சொன்னார்கள். பெண்ணின் தகப்பன் சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வேற எதையும் விசாரிக்க வேண்டாம், இந்தக் குரலுக்கு என் பிள்ளையக் குடுத்தாச்சு” என்றார். பெண் செசிலி வலை ஊசியைக் கீழே வைக்காமலேயே சிரித்தாள். அவளுக்கு இது புதுசில்லை. காலையில் காற்று பெரியமுடிச்சிலிருந்து அடிக்கும்போதெல்லாம் அந்தக் குரல் ஏலம் கூறுவதைக் கேட்டபடிதான் அவள் கண்ணி போட்டு வளர்ந்தாள்.

ஏலம் என்றால் எங்கள் ஏலம் கொஞ்சம் வேறு மாதிரி. தீவுகளில் காசு தங்காது, உப்புக்காற்றில் அதுவும் கரைந்துவிடுமோ என்னவோ. அதனால் பொருளுக்குப் பொருள் கேட்பதுதான் வழக்கம். ஒரு கூறு சாளைக்கு ஒரு தேங்காய்க் குலை, ஒரு பாரைக்கு ஒரு டின் மண்ணெண்ணெய், பெரிய சீலா வந்துவிட்டால் கிடா வரைக்கும் போகும். மூன்று தரம் சொல்லிவிட்டால் சொன்னதுதான், மாதாவே இறங்கி வந்தாலும் மாறாது. ஒரு மீனோடு இன்னொரு மீனைச் சேர்த்துக் கூறு போட்டுவிட்டால் அதில் ஒன்றை மட்டும் எனக்குக் கொடு என்று யாரும் கேட்க முடியாது. “சேத்தது சேத்ததுதான், கூறு பிரியாது” என்று கஸ்பார் பாடுகிற மாதிரி சொல்வான். யாரும் கேட்காத கூறு என்றால் அதைக் கொண்டுவந்தவர் வீட்டுக்கே திரும்பிப் போகும், அதற்கும் அவனிடம் ஒரு பாட்டு உண்டு, “கேப்பாரில்ல, வீட்டுக்குப் போ.” ஏலத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்தப் பருவம் முழுக்க வலையில் நண்டு மட்டும்தான் ஏறும்.

கேட்பாரில்லாமல் போகிற கூறு அபூர்வம், ஏனென்றால் பெர்பெத்துவம்மா இருந்தாள். கருவாடு வியாபாரம் செய்கிற பெர்பெத்துவம்மா தன் வாழ்நாளில் ஒரு ஏலத்திலும் தோற்றது கிடையாது. யார் எது கேட்டாலும் அதற்கு மேல் “ஒரு கூடை நெத்திலி” என்று சொல்லி முடிப்பாள். அவளுக்கு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விசயம். கஸ்பாரின் குரல் காதில் விழுந்தால் அவள் கை தானாகத் தூக்கிக்கொள்ளும், கொட்டாவிக்கு வாய் திறப்பது மாதிரி.

இப்படி இருக்கையில், கல்யாணத்துக்குச் சாமி படகு வர இன்னும் கொஞ்ச நாள் இருக்கையில், ஒரு காலை ஏலத்தில், ஆள் நீளத்துக்கு ஒரு சீலா கிடந்தது. கஸ்பார் ஒரு தரம் சொன்னான், ரெண்டு தரம் சொன்னான், மூன்றாம் தரம் சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பூவரசிலிருந்து ஒரு முடிச்சுக்கிளி இறங்கி வந்து மீன் பெட்டி மேல் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, “மூணு தரம்” என்றது.

கஸ்பாரின் குரலில் என்றது. கருப்பட்டிப் பாகு, கம்பி பதம், எல்லாம் அப்படியே இருந்தது. திறந்த வாயை மூடாமல் கஸ்பார் ஏதோ சொல்லப் பார்த்தான். வந்தது ‘கிரீச்’.

கூட்டம் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பெர்பெத்துவம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “மூணாந்தரம் விழுந்தாச்சு, மீனு எனக்கு” என்று சீலாவின் வாலைப் பிடித்துத் தூக்கினாள். அதுவும் சரிதான் என்று அடுத்த பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கிளி அதையும் கூறியது.

அதற்குப் பிறகு பெரியமுடிச்சில் கிளிதான் ஏலக்காரர். மிளகாய்ப் பழம் கொடுத்தால் போதும், வெற்றிலை, தேநீர், தொண்டைக்கட்டு என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு சங்கடம், அந்தக் குரலுக்கு ஏலத்தைத் தவிர வேறு வேலை தெரியாது. கஸ்பாரின் தொண்டையில் இருந்த காலத்திலேயே அது அந்த ஒரு வேலையைத்தான் செய்து வந்தது. அதனால் கிளி எதன் முன்னால் போய் உட்கார்ந்தாலும், எதிரே அசையாமல் எது இருக்கிறதோ அதை ஏலத்தில் விட்டது. காய்கிற பாயை விட்டது, அம்மிக்கல்லை விட்டது, தூங்குகிற நாயை விட்டது. பெர்பெத்துவம்மா எல்லாவற்றையும் எடுத்தாள். நகரத்திலிருந்து பறவை ஆராய்ச்சிக்கு ஒரு அம்மா வந்தாள். கையில் இருந்த புத்தகத்தைக் காட்டி, இந்த இனம் பேசாது என்று போட்டிருக்கிறது, ஆகவே பேசுவது இந்த இனம் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தபோதே, பெட்டி மேல் வைத்த அவள் தூரக்கண்ணாடி மூன்று தரம் ஆகிவிட்டது. பெர்பெத்துவம்மா அதை வைத்து இப்போது கருவாட்டுக் களத்தில் எந்தக் காக்கா எந்தப் பக்கம் உட்காரப் போகிறது என்று பார்க்கிறாள். வெளியூர் ஆள் யாராவது கரையில் இறங்கினால் நாங்கள் சொல்கிற முதல் வார்த்தை, “அசைஞ்சுட்டே நில்லுங்க” என்பதுதான்.

உபதேசியார் லாசரின் மனைவிக்கு இதில் ஒரு நம்பிக்கை பிறந்தது. லாசர் சாமி இல்லாத நாளில் கோயிலில் செபம் சொல்லுகிறவர். செபம் முடிந்த பிறகும் பேசுவார், வீட்டுக்கு வந்தும் பேசுவார், பாயில் படுத்தும் பேசுவார். அந்த அம்மா தினமும் காலையில் அவரைப் பூவரசுக்குக் கீழே உட்கார வைத்து, வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாதாவை வேண்டிக்கொள்வாள். கிளிகள் மேலேயிருந்து எட்டிப் பார்க்கும், பார்த்துவிட்டு வேறு கிளைக்குப் போய்விடும்.

கஸ்பாரின் பாடு வேறாக இருந்தது. அவன் கிரீச் என்றால் மூன்று தீவுக் கிளிகளும் யார் கூப்பிட்டது என்று வந்துவிடும். தேநீர் கேட்கப் போனால் அவனுக்கு முன்னால் கிளிகள் கடை வாசலில் நிற்கும். தும்மினால் ஒரு கூட்டம் கலையும், இருமினால் ஒரு கூட்டம் சேரும். நாளாக ஆக எங்கள் ஆட்களும் கிரீச்சைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். நீளமாக வந்தால் தேநீர், இரண்டாக உடைந்து வந்தால் சர்க்கரை குறைவு, உள்பக்கமாக இழுத்து வந்தால் செசிலி நினைப்பு.

செசிலியின் தகப்பன் சூசைதான் சண்டையைத் தொடங்கினார். இரண்டு தீவுப் பெரியவர்களையும் கரையில் கூட்டி வைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“நான் யாருக்கு வாக்குக் குடுத்தேன்? குரலுக்குக் குடுத்தேன். எல்லாரும் கேட்டீங்க. அந்தக் குரல் இப்ப யாருகிட்ட இருக்கு?”

எல்லாரும் கிளியைப் பார்த்தார்கள். கிளி ஒரு நங்கூரத்தை ஏலம் விட்டுக்கொண்டிருந்தது.

“அப்போ மாப்பிள்ளை யாரு?” என்றார் சூசை.

இதைச் சும்மா தள்ளிவிட யாருக்கும் மனசு வரவில்லை, ஏனென்றால் வழக்கம் என்று பார்த்தால் அவர் சொன்னதில் பிசகு இல்லை. உட்கார்ந்து பேசினார்கள். கிளி குடிக்காது என்றார் ஒருவர். வீடு கட்ட வேண்டாம் என்றார் இன்னொருவர். மாமியார் யாரென்று அடையாளம் தெரியாது, அதனால் தொந்தரவும் இல்லை என்று ஒரு பெண் பின்னாலிருந்து சொன்னாள். பெர்பெத்துவம்மா மட்டும், “சாப்பாட்டுச் செலவு கம்மி” என்று யோசனையோடு தலையாட்டினாள்.

செசிலி எழுந்து நின்றாள். “அது மரத்துல தூங்கும். நான் எங்கப்பா தூங்குறது?”

“பூவரசு பெரிய மரம்தான்” என்றார் சூசை, ஆனால் அவருக்கே அது அவ்வளவு தெளிவாக வரவில்லை. கடைசியில் அவர் ஒரு வார்த்தை சொன்னார். “சாமி வரட்டும். கோயில்ல சம்மதம் கேக்கும்போது அன்னைக்குக் கடல் தாண்டி வந்த குரல்ல பதில் வரணும். அந்தக் குரல்ல வந்தா கஸ்பாருக்குக் கட்டித் தாரேன். வரலன்னா வாக்கு முறிஞ்சது. அக்கரையில ஐஸ் கம்பெனிக்காரன் இவளக் கேட்டுட்டு இருக்கான்.”

“அவன் குரல் இங்க வராதே மாமா” என்றார் லாசர்.

“லாரி வச்சிருக்கான். ஹாரன் வரும்.”

கச்சான் காற்று எழும்பிவிட்டால் கடல் மூடிக்கொள்ளும், சாமி படகு பிறகு அடுத்த பருவத்துக்குத்தான். அதற்குள் கிளிக்கு ‘சம்மதம்’ என்ற ஒரே ஒரு வார்த்தையைக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். கஸ்பார் தினமும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு சின்னமுடிச்சுக்குப் போனான். அவனுக்கு மேலே கிளிக் கூட்டமும் போனதால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு தோப்பு கடலில் நடந்து போகிற மாதிரி இருந்தது. செசிலி வலையை மடியில் போட்டுக்கொண்டு, எதிரே பானை மேல் அந்தக் கிளியை உட்காரவைத்து, சிவந்த மிளகாயைக் காட்டி, “சம்மதம் சொல்லு. சம்மதம்” என்பாள். கிளி கழுத்தைச் சாய்த்துக் கேட்கும். “ஒரு தரம்” என்று மிளகாயை ஏலம் விடும். எங்கிருந்தோ பெர்பெத்துவம்மாவின் குரல் “ஒரு கூடை நெத்திலி” என்று வரும். அவள் வள்ளம் வாடகைக்குப் பிடித்துப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். அவளாலும் தன்னை அடக்க முடியவில்லை.

“மாமி, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு மிளகா?”

“எனக்குத் தெரியுமாட்டி? அந்தக் குரலு கேட்டா வாய் தானா போவுது. டாக்டர்ட்டயும் காட்டிட்டேன்.”

ஒருநாள் கிளி சலித்துப்போய் மரத்துக்குப் பறந்துவிட்டது. மற்றக் கிளிகளும் வெயிலுக்கு அடங்கிவிட்டன. வலை மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. கஸ்பார் கேட்காமலேயே அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். செசிலி கண்ணி போடப் போட, அவன் இழுத்துக் கொடுத்தான்.

“ஒண்ணு சொல்லட்டுமா” என்றாள் அவள், ஊசியைப் பார்த்துக்கொண்டே. “குரல் இருந்த நாள்ல உன்ன நான் பாத்ததே இல்ல. கண்ண மூடிக் கேட்டுட்டே இருப்பேன். உனக்குக் காது இவ்வளவு பெருசுன்னு இப்பத்தான் பாக்குறேன்.”

கஸ்பார் உள்பக்கமாக இழுத்து ஒரு கிரீச் விட்டான். மரத்தில் கிளிகள் எல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கின.

“தெரியுது, தெரியுது” என்றாள் செசிலி. “வலைய இறுக்கிப் பிடி.”

சாமி படகு வந்தது. இன்னாசி சாமி வழக்கம்போல மஞ்சள் முகத்தோடு இறங்கி, கரையில் ஒரு கல் மேல் உட்கார்ந்து, உபதேசியார் லாசர் சொன்னதை முழுசாகக் கேட்டார். லாசர் சொன்னது நீளமாக இருந்ததால் அதற்குள் சாமியின் வயிறும் சரியாகிவிட்டது.

“சம்மதம் மாப்பிள்ளையோட குரல்ல வரணும், அவ்வளவுதான்” என்றார் சாமி. “அந்தக் குரல் எந்த வாயில குடியிருக்குன்னு நான் கேக்க மாட்டேன். கிளிய அவனுக்கு முன்னால உட்கார வைங்க. வார்த்தை வந்தா தாலி. வரலன்னா காத்து எழும்புறதுக்குள்ள நான் படகேறணும்.”

நடுமுடிச்சுக் கோயில் இரண்டு தீவுச் சனத்தாலும் நிரம்பி வழிந்தது. சூசை கடல்காற்றுக்குக் காதைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். பெர்பெத்துவம்மா தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாமல் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கஸ்பார் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பீடத்துக்கு முன்னால் வந்து பயத்தில் அசையாமல் நின்றான். யாராவது அவனிடம் ‘அசைஞ்சுட்டே நில்லு’ என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. சன்னல்களில் எல்லாம் பச்சையாகக் கிளிகள் வந்து அடைந்தன. அவன் குரலை வைத்திருந்த கிளி கம்பித் தடுப்பின் மேல் உட்கார்ந்து அவனையே பார்த்தது.

“கஸ்பார்” என்றார் சாமி, “இந்தச் செசிலியை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?”

கிளி கழுத்தைச் சாய்த்தது. 

“பாரு பாரு பாரு” என்றது கிளி, கஸ்பாரின் குரலில், கோயில் கூரை வரைக்கும் பாகாக இழுத்து. “இன்னைக்கு ஏறினது. ஐஸ் போடாதது. உடம்பு மினுமினுக்குது, கண்ணு தெளிவா இருக்கு, செவுளைத் தூக்கிப் பாரு, ரத்தச் செவப்பு. எத்தனைக்கு எடுக்கிற? கேளு.”

கஸ்பார் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்தான்.

“என்ன நடக்குது?” என்றார் சாமி.

“ஏலம் சாமி” என்றார் லாசர்.

“நிறுத்துங்க.”

“நிறுத்தினா நண்டு ஏறும் சாமி” என்று கோயில் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. சாமி புத்தகத்தை விரலால் அடையாளம் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெர்பெத்துவம்மாவின் கைகள் தொடைக்குக் கீழே துடித்தன. அவள் உதட்டைக் கடித்தாள், மாதாவைப் பார்த்தாள், கண்ணை மூடினாள். கை வெளியே வந்துவிட்டது. “ஒரு கூடை நெத்திலி.”

“மாமி” என்றாள் செசிலி.

“மன்னிச்சுக்கட்டி. எனக்கு இவன் வேண்டவே வேண்டாம். ஆனா ஏலமுன்னா என்ன செய்ய?”

செசிலி முக்காட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். “என் கிடா.”

“கிடாவும் ஒரு கூடை நெத்திலியும்” என்றாள் பெர்பெத்துவம்மா, அழுதுகொண்டே.

“நான் முடைஞ்ச வலை அத்தனையும்.”

“அதோட ஒரு கூடை நெத்திலி.”

“எங்கப்பா வள்ளம்.”

“ஏட்டி, அது என் வள்ளம்” என்று சூசை எழுந்தார்.

“அதுக்கும் மேல ஒரு கூடை நெத்திலி” என்று பெர்பெத்துவம்மா தலையில் அடித்துக்கொண்டாள். யார் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் கேட்கிற அளவுக்குக் கருவாடு அவளிடம் இருந்தது, அதுதான் தொல்லை. செசிலியிடம் இனிமேல் கேட்பதற்கு உடுத்தியிருந்த சேலையைத் தவிர ஒன்றும் இல்லை.

“ஒரு தரம்” என்றது கிளி. “ரெண்டு தரம்.”

கஸ்பார் செசிலியைப் பார்த்து ஒரு கிரீச் விட்டான். அது தேநீரும் இல்லை, சர்க்கரையும் இல்லை, அதுவரை யாரும் கேட்டிராத ஒன்றாக இருந்தது. சன்னல் கிளிகள் எல்லாம் அடங்கிப் போயின. செசிலி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி வைத்து, அவன் தோளோடு தோள் இடிக்கிற மாதிரி பக்கத்தில் போய் நின்று, கிளியைப் பார்த்து, அசையாமல் நின்றாள்.

கிளி இமையை ஒருமுறை மூடித் திறந்தது. ஒரு கண்ணால் கஸ்பாரைப் பார்த்தது, தலையைத் திருப்பி மறு கண்ணால் செசிலியைப் பார்த்தது.

“சேத்தாச்சு, சேத்தாச்சு” என்று பாடியது. “சேத்தது சேத்ததுதான், கூறு பிரியாது. ஜோடியாப் போவுது. புதுசாக் கேளு.”

கோயில் மொத்தமும் பெர்பெத்துவம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் கை பாதிவரை எழும்பியிருந்தது. அந்தக் கையை அவள் பார்த்தாள், பிறகு அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். இரண்டு வயிற்றுக்குச் சோறு, ஒரு கிளிக் கூட்டத்துக்குப் பழம், அந்தப் பெண்ணின் நாக்கு, எல்லாவற்றையும் நினைத்தாளோ, வேறு எதையாவது நினைத்தாளோ, நாங்கள் யாரும் அவளிடம் பிறகும் கேட்டதில்லை. எழும்பிய கையை மெல்லக் கொண்டுபோய் முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.

“ஒரு தரம்” என்றது கிளி. கடல் மட்டும் வெளியே வந்து வந்து போனது. “ரெண்டு தரம்.” ஒரு பிள்ளை தும்மப் பார்க்க, அதன் தாய் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். “மூணு தரம். கேப்பாரில்ல. கூறு பிரியாது. வீட்டுக்குப் போ.”

 சாமி மெதுவாகச் சூசை பக்கம் திரும்பினார். “குரல் அவனுடையதுதானா?”

சூசை துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. “அன்னைக்குக் கடல் தாண்டி வந்த அதே குரல் சாமி.”

“உனக்கு?” என்று செசிலியிடம் கேட்டார்.

“அதான் பக்கத்துல வந்து நின்னுட்டேனே சாமி.”

சாமி அடையாளம் வைத்த விரலை எடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். “நான் படிக்க இருந்ததும் ஏறக்குறைய இதேதான்” என்றார்.

தாலி கட்டும்போது கஸ்பார் ஒரு பெரிய கிரீச் விட்டான், மூன்று தீவுக் கிளிகளும் ஒன்றாகக் கிளம்பியதில் கோயிலுக்குள் கொஞ்ச நேரம் பச்சையாக இருட்டிவிட்டது. குரல் அவனுக்குத் திரும்ப வரவே இல்லை. அவனும் தேடவில்லை. செசிலிக்கு இப்போது நாற்பது வகைக் கிரீச் புரியும், அதில் பாதிக்கு மேல் அவளே பதில் கிரீச் சொல்வாள், சண்டை என்றால் அவள்தான் சத்தமாகச் சொல்வாள்.

ஆனால் அன்றைக்குக் கதை அதோடு முடியவில்லை. இருட்டு விலகி எல்லாரும் கண்ணைத் திறந்து பார்த்தபோது, இன்னாசி சாமி பீடத்துக்கு முன்னால் சரிகை அங்கியில் நின்றுகொண்டிருந்தார். காற்று எழும்பிவிட்டதா, படகு இந்த முறை எவ்வளவு ஆடும் என்று நினைத்து, அப்படியே அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கிளி தடுப்பின் மேலேயே இருந்தது. அது அவரைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்தது.

“சாமி, அசையுங்க” என்று லாசர் சொல்ல வாயெடுத்தார். அவர் எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழகியவர் இல்லை, அதனால் நேரமாகிவிட்டது.

பெர்பெத்துவம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

இப்போது எங்கள் தீவுகளில் தினமும் பூசை உண்டு. கடலில் போக வேண்டியதில்லை என்பதால் சாமிக்கு உடம்பு தேறி, முகத்தில் மஞ்சள் போய்விட்டது. பூசை இல்லாத நேரத்தில் பெர்பெத்துவம்மாவின் கருவாட்டுக் களத்தில் காக்கா ஓட்டுகிறார்.